வைகைப் படுகை வயல்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆற்றங்கரை நிலங்களைப் பற்றியவை. வருசநாட்டு மலையில் தொடங்கி 258 கிலோமீட்டர் ஓடும் வைகைக்கு இருபுறமும், ஆறு நிறைந்தால் தண்ணீர் ஏறி, வடியும்போது மண்ணை விட்டுப் போகும் நிலம்தான் படுகை. அந்த மண்ணால்தான் சோழவந்தான் பக்கம் நெல்லும் தென்னையும் வெற்றிலையும் செழித்தன. அதே மண் சில வருடங்களில் மணலாக வந்து வயலை மூடிவிடுகிறது. ஒன்று இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஆற்றைத் தடுக்க முடியாது. வருகிற தண்ணீரின் வேகத்தைத் தணித்து உள்ளே வாங்கி, நாம் குறித்த இடத்தில் வெளியே விட முடியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சொல்லப்பட்டவையே.

கரை உடைந்து என் ஒன்றரை ஏக்கர் நஞ்சையில் மணல் ஏறிவிட்டது. உடைப்புக்குப் பக்கத்தில் அரை அடி, தள்ளிப் போனால் இரண்டு அங்குலம்கூட இல்லை. உழுது கலப்பதா, அள்ளுவதா? (தென்கரை வாசகர்)

இரண்டும் செய்ய வேண்டியிருக்கும். எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி. உடைப்பில் பாயும் தண்ணீர் வயலுக்குள் விரிந்ததும் வேகம் குறைந்து, கனமான பருமணலை முதலில் போட்டுவிடும். நயமணல் அடுத்தும், வண்டல் கடைசியிலும் படியும். ஆகவே ஒரே வயலில் மூன்று வகை மண் கிடக்கும். முதலில் அளவெடுங்கள். பத்தடிக்கு ஒரு இடம் என்று கடப்பாரையால் குத்தி, பழைய கறுப்பு மண் தட்டுப்படும் ஆழத்தைக் குறித்து, ஒரு தாளில் வயலை வரைந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அள்ளுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பேரிடர் நிவாரண விதிகளில் சிறு, குறு விவசாயிகளின் நிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால் அதை அகற்ற உதவித்தொகை உண்டு. அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும். அள்ளிய பிறகு கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. அளவுகோலை மணலில் ஊன்றிப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, உழும் ஆழம் மணலின் கனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும். இரண்டு அங்குல மணலை எட்டு அங்குலம் உழுது கலந்தால் கால் பங்கு மணல். களிமண் வயலுக்கு அது நல்லதுகூட. மூன்று அங்குலம் என்றால் சட்டிக் கலப்பையால் பத்துப் பன்னிரண்டு அங்குலம் புரட்ட வேண்டும். அப்படிப் புரட்டினால், தொளிக்கு (சேற்று உழவுக்கு) அடியில் பல வருடமாகக் கெட்டிப்பட்டிருந்த படை உடையும். அந்த ஒரு போகத்துக்குத் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு சால் தொளி கூடுதலாக ஓட்டி அதை ஈடுகட்ட வேண்டும். நான்கு அங்குலத்துக்கு மேல் உள்ள இடத்தில் உழுது பயனில்லை, அள்ளத்தான் வேண்டும்.

எவ்வளவு அள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்பே கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் என்பது 3,630 கன அடி, அதாவது ஏறக்குறைய 36 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). உங்கள் நிலத்தில் அரை ஏக்கரில் அரை அடி மணல் என்றால் 109 யூனிட். டிராக்டர் டிப்பரில் ஒரு நடைக்கு ஒரு யூனிட் என்றாலும் நூறு நடைக்கு மேல். எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோவது சிறு விவசாயிக்குக் கட்டாது. மேலே உள்ள மூன்று அங்குலத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதி மூன்று அங்குலத்தை வயலிலேயே விட்டுப் புரட்டுவது பாதிச் செலவு. ஒதுக்கிய மணலைத் தென்னந்தோப்பு இருந்தால் அங்கே பரப்பலாம், களத்தை உயர்த்தலாம். ஆற்றுப் பக்க வரப்பில் கொட்டாதீர்கள், அடுத்த வெள்ளத்தில் அதே மணல் முதலில் உள்ளே வரும். உங்கள் பட்டா நிலத்து மணலே ஆனாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற்றி ஊரைத் தாண்டினால் வழக்கு வரும். வாங்க வருகிறவர் சொல்வதை நம்பி ஏற்றிவிட வேண்டாம்.

மணல் கலந்த வயலுக்கு ஒட்டும் தன்மை திரும்ப, கண்மாய் வண்டல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட கண்மாய்களில் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் வழியாக அனுமதி கிடைக்கிறது. 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் முக்கால் அங்குலம்தான் வரும். பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் வித்தியாசம் தெரியும். மணல் மிகுந்த பகுதிக்கே முழுவதையும் போடுங்கள். அதன்மேல் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். மணல் நிலத்தில் உரத்தை ஒரே தடவையில் போட்டால் தண்ணீரோடு கீழே போய்விடும். யூரியாவையும் பொட்டாஷையும் வழக்கமான மூன்று பங்குக்குப் பதிலாக நான்கைந்தாகப் பிரித்துப் போடுங்கள்.

மணல் வரவில்லை, இரண்டு விரற்கடை வண்டல்தான் படிந்தது. நல்லது என்று சந்தோஷப்பட்டோம். காய்ந்ததும் ஓடு மாதிரி வெடித்துவிட்டது, விதைத்த உளுந்து முளைத்து வெளியே வரவில்லை. (திருப்புவனம் வாசகர்)

சந்தோஷப்பட்டதில் தவறில்லை, அவசரப்பட்டதில்தான் தவறு. மிக நயமான மண் கடைசியில் படிந்து, கீழ்மண்ணின் துளைகளை மூடிவிடுகிறது. காய்ந்தால் ஓடு; நனைந்தால் காற்றுப் புகாத பசை. அதைக் கீழ்மண்ணோடு கலந்துவிட்டால் உரம், மேலேயே விட்டால் மூடி.

பதம் பார்த்து உழுவதுதான் இதில் முழு வேலையும். மூன்று அங்குலத்துக்குக் கீழிருந்து ஒரு கை மண் எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். அப்பமாக அமுங்கினால் இன்னும் ஈரம் அதிகம். டிராக்டர் இறங்கினால் சக்கரத்தடம் இரண்டு வருடத்துக்கு மறையாது. சிதறி உதிர்ந்தால் பதம். கல்லாக உருண்டு போனால் பதம் தாண்டிவிட்டது, ஒரு நனைப்பு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கொக்கிக் கலப்பையால் உழுங்கள். ரோட்டவேட்டர் வேண்டாம். அது வண்டலை மாவாக்கிவிடும். அடுத்த மழையில் மறுபடி அதே ஓடு பிடிக்கும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் கிடைத்தால் இந்த உழவோடு சேர்த்துவிடுங்கள்.

உளுந்துக்கு முன்னால் ஒரு தக்கைப்பூண்டோ சோளத்தட்டையோ போட்டு எடுங்கள். பல வாரம் தண்ணீரில் மூழ்கிப் பயிரே இல்லாமல் கிடந்த மண்ணில், வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கும் பூசணங்கள் குறைந்துபோகும். அதன் பிறகு மக்காச்சோளம், வெங்காயம், பயறு எதைப் போட்டாலும் இலை ஊதா பாய்ந்து நோஞ்சானாக நிற்கும். மண்ணில் மணிச்சத்து இருந்தும் செடிக்குச் சேராது. வேரில் அந்தப் பூசணத்தை வளர்க்கக்கூடிய ஒரு பயிர் இடையில் வந்துபோனால் இது சரியாகும். இடைப்பயிருக்கு நேரமில்லை என்றால், விதைக்கும் வரிசையிலேயே கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் வேர் உட்பூசண உரமும் இடுங்கள்.

நட்டு 25 நாளான நெல் ஐந்து நாள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் இப்போதுதான் வடிகிறது. உடனே யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா? (முள்ளிப்பள்ளம் வாசகர்)

உடனே வேண்டாம். மூழ்கியிருந்த பயிர் தன்னிடமிருந்த மாவுச்சத்தைச் செலவழித்து உயிரைப் பிடித்திருக்கிறது. வேர் அழுகி, உரத்தை எடுக்கும் நிலையில் இல்லை. இப்போது போடும் யூரியா வடியும் தண்ணீரோடு பக்கத்து வயலுக்குப் போகும்.

தண்ணீரை வடியுங்கள், ஒரு அங்குலம் மட்டும் விட்டு வையுங்கள். ஐந்து நாள் நிழலில் கிடந்த இலை, வெறும் சேற்றில் சுள்ளென்ற வெயில் பட்டால் சுருண்டுவிடும். இலையில் சேறு படிந்திருந்தால் கைத்தெளிப்பானில் தெளிந்த தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு அங்கங்கே குத்தைப் பிடுங்கித் தண்டின் அடியை நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைக்கும். கூழாகி நாற்றம் வந்தால் போனது. ஐந்தாறு நாளில் நடுக்குருத்து புதிதாக வெளிவர வேண்டும். செத்த இடங்களுக்குப் புது நாற்றுத் தேட வேண்டாம். அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நடுங்கள். வயது ஒன்றாக இருந்தால்தான் அறுவடையும் ஒன்றாக வரும்.

குருத்து வந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு மூடி வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, வயலில் தண்ணீர் சீராக நிற்கும்போது தூவுங்கள். இலை வெளுத்து, நடுநரம்பு ஓரம் துருப்புள்ளி தெரிந்தால் துத்தநாகம் போதவில்லை என்று அர்த்தம். 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

வெள்ளத்துக்குப் பின்னால் வரும் பெரிய ஆபத்து பாக்டீரியா இலைக்கருகல். இலையின் ஓரம் அலை அலையாக மஞ்சளாகி நுனியிலிருந்து காயும். சந்தேகம் என்றால் அந்த இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல ஒழுகினால் அதுதான். அப்படியானால் தழைச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு, 40 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். ஒரு வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். கிருமி தண்ணீரோடுதான் போகிறது.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. வயலின் ஆகத் தாழ்ந்த மூலையில், வரப்பில் பத்தடி நீளத்தை மட்டும் மற்ற இடத்தைவிட அரை அடி தாழ்த்தி, மேலே அருகம்புல் பிடிக்கவிட்டு, வெளிப்பக்கம் கல் பாவி வையுங்கள். கண்மாய்க்குக் கலுங்கு எப்படியோ, வயலுக்கு இது அப்படி. தண்ணீர் நிறைந்தால் அந்த வழியே புல்மேல் ஏறி மறுகால் போகும். இது இல்லாத வயலில், வரப்பு எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

தண்ணீர் வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி? (மேலக்கால் வாசகர்)

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கையிலேயே மோட்டார், உரமூட்டை, கால்நடையை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். ஆனால் அணையை மட்டும் பார்த்திருப்பது போதாது. மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. கொடைக்கானல் மலையடிவாரத்தில் பெருமழை என்றால் அணை மூடியிருந்தாலும் உங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும். வத்தலக்குண்டு பக்கம் மழைச் செய்தியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு என் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இதுவரை நான்கு சென்ட் போயிருக்கிறது. இடித்த கட்டடக் கல்லை வாங்கிக் கொட்டலாம் என்று இருக்கிறேன். (சக்குடி வாசகர்)

தயவுசெய்து கொட்ட வேண்டாம். அந்தச் செலவை வீணாக்காமல் வேறு விதமாகச் செய்யலாம்.

கரை எப்படி இடிகிறது என்று பாருங்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் வேகம் அதிகம். தண்ணீர் கரையின் அடிமண்ணை அரிக்கிறது. மேல்மண் அந்தரத்தில் நிற்கிறது. வெள்ளம் ஏறும்போது அது விழுவதில்லை, இறங்கும்போது விழுகிறது. ஊறிக் கனத்த மண்ணுக்கு, அதுவரை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த தண்ணீர் போய்விடுகிறது. அதனால்தான் வெள்ளம் வடிந்த மறுநாள் கரையோரம் நிற்கக் கூடாது என்பது. உடைந்த செங்கலும் கான்கிரீட்டும் மேலே கொட்டினால் ஊறிய கரைக்கு இன்னும் பாரம். அடியில் அரிப்பு தொடரும். கல் சரிந்து ஆற்றில் விழும். அது ஓட்டத்தைத் திருப்பி எதிர்க்கரைக்காரர் நிலத்தையோ, கீழ்ப்பக்கத்து உங்கள் நிலத்தையோ அறுக்கும். தவிர, ஆற்றுப் புறம்போக்கில் அனுமதி இல்லாமல் எதையும் கட்டவோ கொட்டவோ கூடாது.

பட்டா எல்லைக்குள் நீங்கள் செய்யக்கூடியது இது. செங்குத்தாக நிற்கும் கரை விளிம்பைச் சரிவாக்குங்கள். ஓரடி உயரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டடி அகலம் என்ற சாய்மானம். இதற்கு ஒரு சென்ட் கூடப் போகலாம். மனசு வராது, ஆனால் அந்த ஒரு சென்ட்டைக் கொடுக்காமல் மற்றதைக் காக்க முடியாது. சரிவில் மூன்றடி உயர வித்தியாசத்துக்கு ஒரு வரிசையாக, தண்ணீர் ஓடும் திசைக்கு இணையாக வெட்டிவேர் நடுங்கள். தூருக்குத் தூர் அரை அடி. நூறடி வரிசைக்கு 200 தூர் வேண்டும். ஒரு தூர் என்பது இரண்டு மூன்று கிளைப்பு. இலையை அரை அடி உயரத்திலும் வேரை இரண்டு அங்குலத்திலும் நறுக்கி நடுவது. இதன் வேர் பக்கவாட்டில் படராமல் ஆறடி பத்தடி நேர்கீழே இறங்கும், அதனால் பயிரோடு போட்டியில்லை. எல்லைக்குள் வரும் சரிவின் ஆகக் கீழே நாணலையும் நொச்சியையும் வையுங்கள். நொச்சிக்குக் கட்டைவிரல் பருமனில் மூன்றடிக் குச்சி வெட்டி, இரண்டடி மண்ணுக்குள் போகும்படி சாய்த்து அடித்தால் போதும், துளிர்க்கும். வெள்ளத்தில் வளைந்து படுத்து மண்ணை மூடிக்கொள்வதால்தான் இவற்றைச் சொல்கிறோம். விறைத்து நிற்கும் செடி தன்னைச் சுற்றிச் சுழலை உண்டாக்கிக் குழி பறிக்கும்.

மருதும் புங்கும் விளிம்பிலிருந்து பதினைந்தடி தள்ளி. பெருமரத்தை விளிம்பிலேயே வைத்தால், அடிமண் அரிக்கப்படும் நாளில் அது சாயும்போது ஒரு வண்டி மண்ணையும் சேர்த்தே பெயர்க்கும். மூங்கில் புதருக்கும் இதே எச்சரிக்கை. தென்னையைக் கரைக் காவலாக நினைக்காதீர்கள்.

எப்போது நடுவது என்பதில் தவறினால் எல்லாம் வீண். ஐப்பசி வெள்ளத்துக்குள் வேர் இறங்க நான்கு மாதம் வேண்டும். ஆகவே வைகாசி, ஆனியில் நட்டு, மழை வரும் வரை வாரம் இரண்டு தண்ணீர் கொடுங்கள். மழையோடு நடலாம் என்று புரட்டாசிக்குத் தள்ளிப்போட்டால், ஆறு தூரோடு கொண்டுபோய்விடும். முதல் வருடம் ஆடு நுழையாமல் முள்வேலி அவசியம். செத்த தூர்களுக்குப் பதில் வைப்பதை விட்டுவிடாதீர்கள். வரிசையில் ஒரு அடி இடைவெளி இருந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்த வழியைத்தான் தேடும்.

வயலுக்குள் தண்ணீர் ஏறி வரும் பக்கத்தில், ஓட்டத்துக்குக் குறுக்காகப் பூவரசு, கிளுவைப் போத்துகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றி உயிர்வேலி கட்டுங்கள். இடையில் விளாறுகளைப் பின்னி விட்டால், வெள்ளம் அதன் வழியே மெதுவாக நுழைந்து, மணலை வேலிக்கு வெளியே போட்டுவிட்டு வண்டலை மட்டும் உள்ளே கொண்டுவரும்.

கரையோரம் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. அடியோடு ஒழித்துவிடலாமா? (அதே வாசகர்)

ஒழிக்கலாம், ஆனால் ஒரே வீச்சில் வேண்டாம். எத்தனை கேடு என்றாலும் இன்றைக்கு அந்தக் கரை மண்ணைப் பிடித்திருப்பது அதன் வேர்தான். மழைக்கு முன் இயந்திரம் வைத்துத் தோண்டினால் இளகிய மண்ணை ஆறு அள்ளிப்போகும். தை, மாசியில் இருபதடி நீளம் தூர் எடுத்து, வைகாசியில் அங்கே வெட்டிவேரும் நொச்சியும் வைத்து, அது பிடித்த பிறகு அடுத்த இருபதடிக்குப் போங்கள். தரை மட்டத்தில் வெட்டினால் நான்கு மடங்காகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி ஓரடி ஆழம் வரை வெளியே வர வேண்டும். நெற்றைத் தின்ற ஆடுமாட்டின் சாணத்தில் விதை முளைக்கும், அந்த எருவை மக்கவைக்காமல் வயலில் போட வேண்டாம். கரையின் புறம்போக்குப் பகுதியில் இருப்பதை வெட்ட ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையைத் தாண்டி வரும் தண்ணீர் கறுப்பாக, நுரையோடு வருகிறது. நெல் ஆள் உயரம் வளர்ந்து சாய்ந்துவிடுகிறது. (சிலைமான் வாசகர்)

கழிவுநீர் கலந்த தண்ணீரில் தழைச்சத்து ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதன்மேல் வழக்கமான யூரியாவும் போட்டால் பயிர் தழைத்து, தண்டு மெலிந்து, கதிர் கனத்தில் படுத்துவிடும். புகையான் பூச்சியும் குலைநோயும் கூட வரும். அடியுரத்தில் தழைச்சத்தை விட்டுவிடுங்கள். மேலுரத்துக்கு முன் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே போனால் மட்டும் யூரியா. பொட்டாஷைக் குறைக்காதீர்கள், தண்டுக்கு வலு அதுதான். உயரம் குறைந்த ரகத்துக்கு மாறுவதும் நல்லது.

வருடத்துக்கு ஒருமுறை, கோடையில், தண்ணீரையும் மண்ணையும் சோதித்துவிடுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மின்கடத்து திறன் (டெசிசீமன்/மீட்டர் கணக்கில்) 0.75க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் நெல்லுக்கும் கஷ்டம். எஞ்சிய சோடியம் கார்பனேட் (லிட்டருக்கு மில்லி ஈக்குவலன்ட் கணக்கில்) 1.25க்குள் நல்லது, 2.5க்கு மேல் என்றால் மண் நாளடைவில் களராகிக் கெட்டிப்படும். அப்போது ஜிப்சம் எவ்வளவு என்பதைச் சோதனைச் சீட்டே சொல்லும். மண் மாதிரியை வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், ஆங்கில வி எழுத்து வடிவக் குழி வெட்டி, ஆறு அங்குலம் வரை பக்கவாட்டில் சீவி எடுத்துக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர் இரண்டை நீக்கி நீக்கிக் குறைத்து அரை கிலோ கொடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி இருந்த இடம் தவிர்க்கவும்.

இந்தத் தண்ணீரில் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்ற பச்சையாகத் தின்பவை எதுவும் வேண்டாம். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறோம்: வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கம்பு நேப்பியர் தீவனப்புல் இந்தத் தழைச்சத்தை நன்றாக உறிஞ்சும். வயலில் இறங்குகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறுகிறது. வாய்க்காலில் வரும் ஆகாயத்தாமரையை அள்ளி மூடாக்குப் போடுவதும், பூக்கும் முன் மக்கவைப்பதும் மற்ற இடத்தில் சரி. சாக்கடையில் வளர்ந்ததைத் தென்னை, மரப்பயிர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் வெற்றிலைக் கொடிக்கால் கொத்துக் கொத்தாக வாடுகிறது. இலை பச்சையாகவே தொங்கிவிடுகிறது. (சோழவந்தான் வாசகர்)

கொடியின் அடித்தண்டைக் கீறிப் பாருங்கள். தரையை ஒட்டிக் கறுத்து, மீன் நாற்றத்தோடு அழுகியிருந்தால் வாடல் நோய். இது தேங்கிய தண்ணீரில் நீந்திப் பரவும் பூசணம். மருந்துக்கு முன் வடிகால்: இரண்டு மீட்டர் அகலப் பாத்திக்கு இடையே அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் இருக்க வேண்டும். வெள்ளத்தில் அது தூர்ந்து பாதியாகிப் போயிருக்கும், முதலில் அதை எடுத்து விடுங்கள். கடைசியில் அது வெளியேறும் வாய், கொடிக்காலின் வாய்க்கால் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் உள்ளே வாய்க்கால் ஒழுங்காக இருக்கும், வெளிவாய் மேடாகி இருக்கும்.

வாடியதைத் தூரோடு எடுத்து எரித்துவிட்டு, மற்றதற்கு 0.25 சதவீத போர்டோ கலவையைத் தூரில் ஊற்றுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை மாதம் ஒருமுறை. நூறு லிட்டருக்கு 250 கிராம் மயில்துத்தமும் 250 கிராம் சுட்ட சுண்ணாம்பும். தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரியும். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் அதிகம், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இலை பறித்த பிறகு ஊற்றுங்கள், இலையில் படாமல். கொடி படரும் அகத்தியை மழைக்கு முன் கவாத்துச் செய்து காற்றும் வெயிலும் உள்ளே வரவிடுங்கள்.

குண்டாற்றுக் கரையில் மல்லிகை. தண்ணீர் ஒரு வாரம் நின்றது. இளம் இலைகள் வெளுத்துவிட்டன. (திருமங்கலம் வாசகர்)

நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இலை தேறும்வரை தெளியுங்கள். தூரைச் சுற்றிய மண்ணை லேசாகக் கொத்திவிட்டு, தூரை மேடாக அணைத்துவிடுங்கள்.

ஆற்றோரக் கிணற்றில் வெள்ளத் தண்ணீர் இறங்கிவிட்டது. இறைத்துக் காலி செய்துவிடலாமா? (வாடிப்பட்டி வட்டத்து வாசகர்)

ஒரே நாளில் இறைத்துவிடாதீர்கள். சுற்றிலும் மண் ஊறி, கிணற்றுச் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எதிர்முட்டு. அதை எடுத்துவிட்டால் சுவர் உள்ளே சாயும். படுகையின் மணல் மண்ணில் இப்படிப் பல கிணறுகள் போயிருக்கின்றன. ஆற்றில் நீர்மட்டம் நன்றாக இறங்கிய பிறகு, நாளுக்கு இரண்டு மூன்று அடியாகக் குறைத்து வாருங்கள். தூர் வாருவதைக் கோடைக்கு வையுங்கள்.

மாட்டுக்கும் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான் என்றால் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண அளவு. ஐந்து மீட்டர் விட்டம், நான்கு மீட்டர் தண்ணீர் என்றால் 78,500 லிட்டர். 200 கிராம் ஆகும். வெள்ளம் கலந்த கிணற்றுக்கு முதல் தடவை இதைப்போல இரண்டு மடங்கு போடலாம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். மாலையில் போட்டு, மறுநாள் காலையில் எடுங்கள். கலங்கல் இருக்கும்வரை மருந்து வேலை செய்யாது, ஆகவே தண்ணீர் தெளிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். அப்படியும் ஒரு மாதத்துக்குக் காய்ச்சியே குடியுங்கள்.